சுட்ட பிறகு மிஞ்சுவது: ஒரு பித்தளைக் கோதின் வரலாறு

ஒரு துவக்கு வெடித்தால் அதிலிருந்து இரண்டு பொருள் வெளியே வரும். ஒன்று, முன்னால் பறக்கிற சன்னம். மற்றது, பக்கத்தில் துள்ளி விழுகிற வெற்றுக் கோது. சன்னத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவம். எங்க பட்டது, யாருக்குப் பட்டது என்று கேட்பம். கோதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: சன்னம் போய் விழுவது சுடப்பட்டவன் பக்கம். கோது கிடப்பது சுட்டவன் நின்ற பக்கம்.

எங்கட மாவட்டத்தில் இது அபூர்வமான பொருள் இல்லை. காணி துப்பரவாக்கும்போது, பழைய காவலரண் இருந்த மேட்டில், மழை கழுவின மணலில் பச்சை பிடித்துக் கிடக்கும். அதைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான்: ஊத்தையைத் துடைத்துப் பார்ப்பது. அந்தத் துடைத்தலுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆலைகளில், போர்க்கப்பல்களில், வெளிநாட்டுக்காரரின் வீட்டுக் கராஜில் எல்லாம் மனிதர்கள் கோது கழுவியிருக்கிறார்கள். ஏன் கழுவினார்கள் என்று பார்த்தால், நாங்கள் ஏன் கழுவக்கூடாது என்பதும் விளங்கும்.

முதலில், கோது எப்போது வந்தது? 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தது கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய பேச்சால் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தோட்டா காகிதத்தால் ஆனது. பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டவேண்டும். சுட்ட பிறகு பொறுக்கி எடுத்து ஆராய ஒன்றும் மிஞ்சாது. பத்து வருடம் கூடப் போகவில்லை, 1866இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் எட்வர்ட் பாக்சர் என்ற அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி ஒரு தோட்டா செய்தார். அந்தச் சுருட்டுக் கோது சூட்டில் துவக்குக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 1885இல் சூடானின் அபு கிளியாச் சண்டையில் துவக்குகள் இப்படி இறுகிப் போனது பெரிய பேச்சானது. அதற்குப் பிறகு பிரித்தானிய இராணுவம் ஒரே துண்டுப் பித்தளையில் இழுத்துச் செய்த கோதுக்கு முழுதாக மாறியது. இன்றைக்கு மண்ணில் கிடைப்பதும் அந்த வகைதான்.

அந்தப் பித்தளையில் 70 வீதம் செம்பு, 30 வீதம் துத்தநாகம். ஒரு வட்டத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக்குவார்கள். பிறகு அதையே திரும்பத் திரும்ப இழுத்து நீளமான குழாயாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை விறைத்துப் போகும். அடுத்த இழுப்புக்கு முன் சூளையில் வைத்து இளக்கவேண்டும். சூளையில் வைத்தால் கறுத்துவிடும். அந்தக் கறுப்பை ஐதான கந்தக அமிலத்தில் அலசி, சவர்க்காரத் தண்ணியில் கழுவி எடுத்தால்தான் அடுத்த அச்சு கீறுப்படாமல் இருக்கும். அதாவது ஒரு கோது துவக்கையே காணமுன்னம் பல தடவை குளித்துவிடும். இந்தியாவில் டம்டம்மிலும் புனாவுக்குப் பக்கத்துக் கிர்க்கியிலும் இந்த வேலை நடந்தது. கோதுக்குள் அடைக்கும் கார்டைட் மருந்துக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அரவங்காட்டில் ஒரு ஆலை வந்தது. பேரரசின் தோட்டாவில் தமிழ்நாட்டு மலையின் பங்கும் இருக்கிறது.

இந்தியாவில் பிரித்தானியப் படைக்கு ஒரு விசித்திரமான பிரச்சினை வந்தது. மாரி காலத்தில் சண்டை குறைவு. அதனால் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து திறந்து பார்த்தால், ஒருவரும் தொடாத கோதுகள் நீளவாட்டில் வெடித்திருக்கும். பருவத்தோடு வருவதால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் தெளிவாக விளங்கியது 1921இல், மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவரின் ஆய்வில். குதிரை மூத்திரத்திலிருந்து அமோனியா வருகிறது. ஈரக் காற்றோடு சேர்ந்து அது பித்தளையின் செம்பைத் தாக்குகிறது. இழுத்துச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் அந்த இடத்தில் பிளந்துவிடுகிறது. மெதுவாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தினால் வெடிக்காது. வெளியில் இருந்து பார்த்தால் பளபளப்பு, உள்ளே இறுக்கம். பித்தளைக்கு மட்டும் பொருந்துகிற விசயமில்லை இது.

இனி எங்கட துறைமுகத்துக்கு வருவம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு திருகோணமலையின் பெறுமதி திடீரெனக் கூடியது. ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை என்று யப்பானிய விமானங்கள் தாக்கின. சீனக்குடா விமானத்தளமும் துறைமுகமும் அடிவாங்கின. அதே நாளில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அந்தக் காலத்து 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கி நிமிடத்துக்கு 120 தடவை வரை சுடக்கூடியது. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு பித்தளைக் கோது தரையில் விழும்.

அவை குப்பை இல்லை. யுத்தகாலத்தில் செம்பு பொன் மாதிரி. பெரிய பீரங்கிக் கோதுகளைத் திரும்ப அனுப்பி, கழுவி, வாய்ப்பக்கத்தை இளக்கி, பழைய அளவுக்கு அழுத்தி, மருந்து நிரப்பித் திரும்பவும் சுடுவது பிரித்தானியப் படைகளின் வழக்கம். ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் அடியில் ஒரு முத்திரை குத்துவார்கள். ஒரு பழைய கோதைக் கவிழ்த்துப் பார்த்து அது எத்தனை தரம் வேலை செய்தது என்று எண்ணலாம். அமெரிக்காவில் 1943இல் செம்பை மிச்சம் பிடிக்க ஒரு சத நாணயத்தை உருக்கில் அடித்தார்கள். அடுத்த வருடம் பழைய கோதுகளை உருக்கி வந்த உலோகத்தில் திரும்பவும் செம்புச் சதம் வந்தது. சுட்டது சட்டைப் பைக்குள் காசாகத் திரும்பி வந்த கதை அது.

இந்த ஆலை வேலையை வீட்டுக்குள் கொண்டுபோனவர்கள் அமெரிக்காவின் பொழுதுபோக்குச் சூட்டாளர்கள். புதுத் தோட்டா விலை கூட. சுட்ட கோதையே திரும்ப நிரப்பினால் காசு மிச்சம். ஆனால் கரியும் மணலும் ஒட்டின கோது அச்சைக் கீறும். முதலில் அவர்கள் சோளப் பொத்தித் தூளிலும் வால்நட் ஓட்டுத் தூளிலும் போட்டு அதிரவைத்துத் துடைத்தார்கள். அதில் எழும் தூசியில் ஈயம் இருக்கும். பற்றவைக்கும் மருந்தில் இருந்து வருவது. மூச்சோடு உள்ளே போகும். தண்ணியில் கழுவினால் தூசி பறக்காது. அப்படித்தான் ஈர உருளை பிரபலமானது. ஆனால் அந்த ஈயம் கழுவின தண்ணியில்தான் நிற்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

கருவி மிக எளிமையானது. அகலமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று, இரண்டு பக்கமும் மூடி. கீழே சுழலும் இரண்டு கம்பி. பழைய ஏதோ இயந்திரத்தில் இருந்து கழற்றின சின்ன மோட்டர், ஒரு பட்டி. குழாய்க்குள் தண்ணி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம், கொஞ்சம் சிற்றிக் அமிலம், ஊசி மாதிரித் துருப்பிடியா உருக்குத் துண்டுகள். மெதுவாக இரண்டு மூன்று மணித்தியாலம் உருண்டால் கோது உள்ளும் புறமும் புதிது போல ஆகிவிடும். அமிலம் கூடினாலோ நேரம் கூடினாலோ துத்தநாகம் கரைந்து, பித்தளை இளஞ்சிவப்பாகிப் பலம் குறையும்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? சிற்றிக் அமிலம் என்றால் தேசிக்காய்ப் புளிப்பு. எங்கட வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு முன்னம் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கும் அதே இரசாயனம்தான். புளியில் இருப்பது டாட்டாரிக் அமிலம். அது பச்சையைக் கரைக்கும், சாம்பல் உரசும். அம்மம்மாமாரின் கைதான் உருளை. ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கிறது. விளக்கை மினுக்குவது திரும்பவும் ஏற்ற. அந்தக் கராஜில் கோதை மினுக்குவது திரும்பவும் சுட.

எங்களுக்கு அந்தப் பொழுதுபோக்கு தேவையும் இல்லை, சட்டத்தில் அதற்கு இலகுவான வழியும் இல்லை. இங்கு துவக்கு வைத்திருக்கவே அனுமதிப்பத்திரம் வேணும். எங்கட மண்ணில் கிடக்கும் கோதுக்கு வேறொரு பயன் இருக்கிறது: அது சாட்சி.

கோதின் அடியில் ஆலையின் அடையாளமும் வழமையாக ஆண்டும் இருக்கும். 'கே எஃப்' என்று இருந்தால் கிர்க்கி. நடுவில் சுடுமுனை குத்தின பள்ளம் இருக்கும். விளிம்பில் கோதை இழுத்து வெளியே எறிந்த கொக்கியின் கீறல் இருக்கும். ஒவ்வொரு துவக்கின் கீறலும் கொஞ்சம் வேறு. 1920களின் நடுவில் அமெரிக்காவில் கால்வின் கொடார்ட் என்பவரும் அவரது கூட்டாளிகளும் இரண்டு கோதுகளை ஒரே பார்வையில் பக்கம்பக்கமாக ஒப்பிடும் நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1929இல் சிக்காகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், தரையில் பொறுக்கிய கோதுகள்தான் எந்தத் துவக்குகள் என்று காட்டின. சுட்டவர்களில் சிலர் பொலிஸ் உடுப்பில் வந்திருந்தார்கள். பொலிசாரின் துவக்குகள் அவை இல்லை என்பதையும் அதே பித்தளைதான் சொன்னது.

திருகோணமலையில் அப்படி ஒரு சாட்சிக்கு எவ்வளவு தேவை இருந்தது என்று சொல்லவே தேவையில்லை. 2006 சனவரி 2, கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்று காட்டியவை ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சான்று இல்லை என்று 2019 யூலையில் திருகோணமலை நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த விசாரணையில் ஒரு சன்னம் 5.56 மில்லிமீட்டரா 7.62 மில்லிமீட்டரா என்பதே பெரிய சர்ச்சையானது. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், யாருடைய துவக்கு என்ற கேள்வியையே மாற்றக்கூடியது. அந்த வழக்கிலும் இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

உலோகம் மட்டும் நீதி தந்துவிடாது. அது எங்கே, எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்று எழுதி வைத்த மனிதர் வேணும். அதைக் காப்பாற்றுகிற நிறுவனம் வேணும். அதைக் கேட்கத் துணிந்த நீதிமன்றம் வேணும். ஆனாலும் பொருள் அழிந்துபோனால் இந்த மூன்றும் இருந்தாலும் பேச ஒன்றும் இருக்காது.

ஆலைக்காரர் கோதைக் கழுவியது அச்சுக்காக. கடற்படை கழுவியது அடுத்த சண்டைக்காக. கராஜ்காரர் கழுவுவது அடுத்த சனிக்கிழமைக்காக. எல்லாருக்கும் கோது இனி வரும் சூட்டின் பாத்திரம். அதனால் முன்னால் நடந்தது அவர்களுக்கு ஊத்தை. எங்களுக்கு அந்த ஊத்தைதான் விசயம். கரியும் பச்சையும் மண்ணும் சேர்ந்ததுதான் அந்தக் கோது கிடந்த காலம். மேசையில் பூச்சாடியாக வைக்க மினுக்கினால் அழகாகத்தான் இருக்கும். பிறகு அது எந்த ஊரிலும் வாங்கக்கூடிய பித்தளைத் துண்டு.

ஆகவே காணியில் ஏதாவது கண்டால், முதலில் தொடாதீர்கள். அது வெற்றா, மருந்து உள்ளதா என்று தூரத்தில் இருந்து யாருக்கும் தெரியாது. படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், திகதி எழுதுங்கள், பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லுங்கள். வீட்டில் வருடக்கணக்காக அலுமாரியில் கிடக்கும் பழைய வெற்றுக் கோது என்றால், அது எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். புளியை விளக்குக்கு வையுங்கள்.