கரையான்சாவடிக்கு வராத உலகப் படங்கள்



இன்று கைபேசியிலேயே ஈரான் படம், கொரியப் படம் எல்லாம் பார்க்கிறீர்கள். அந்தக் காலத்தில் உலகப் படங்கள் சென்னைக்கு எப்படி வந்தன, யாருக்குக் கிடைத்தன என்று சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கியது. நடத்தியது மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன். விழா பம்பாயோடு நிற்காமல் சென்னை, டெல்லி, கல்கத்தாவுக்கும் போனது. இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ஜப்பானின் ‘ரஷோமோன்’ இரண்டும் அதில் இருந்தன.

ரஷோமோன் ஒரே சாவை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் கதை. வீணை எஸ். பாலசந்தர் அதை ஒரு திரைப்பட விழாவில் பார்த்தார். அந்தத் தாக்கத்தில் அவர் எழுதிய நாடகத்தை வானொலி ஏற்கவில்லை. ஏவி.எம். ஏற்றுப் படமாக்கியது. அதுதான் 1954இல் வந்த ‘அந்த நாள்’. சிவாஜி கதாநாயகன், ஆனாலும் ஒரு பாட்டுகூடக் கிடையாது. ஜப்பானியப் படத்தின் பெயரே தெரியாத தமிழர்களும் அதன் வாரிசைப் பார்த்துவிட்டார்கள். சிலர் பார்த்த படம் பலருக்குப் போய்ச் சேரும் வழி இது.

விழா வந்த வேகத்தில் போய்விடும். ஆண்டு முழுக்க இப்படிப்பட்ட படங்களைக் காட்டியவை ஃபிலிம் சொசைட்டிகள். 1959இல் அவற்றின் கூட்டமைப்பு உருவானபோது சத்யஜித் ராய் தலைவர். சென்னையிலிருந்து, அரசியல் நிர்ணய சபையில் இருந்த அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவர்களில் ஒருவர்.

பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். சொசைட்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் உறுப்பினர்களுக்கு மட்டுமே காட்டலாம், வாசலில் டிக்கெட் விற்கக் கூடாது. படச்சுருள்கள் தூதரகங்களிலிருந்தும், 1964இல் தொடங்கிய புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தும் வரும். இரண்டு மணி நேரப் படம் 35 எம்.எம்.மில் சுமார் 10,800 அடி. 16 எம்.எம்.மில் 4,300 அடி சொச்சம்தான். புரொஜெக்டரும் சிறியது, ஒரு ஹாலும் வெள்ளைத் திரையும் போதும்.

ஆனால் அந்த ஹால்கள் மவுண்ட் ரோட்டையும் நுங்கம்பாக்கத்தையும் தாண்டி நம் பக்கம் வரவில்லை. கரையான்சாவடியிலிருந்து போய்ப் பார்க்க உறுப்பினர் சந்தா, பஸ் காசு, ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படிக்கும் பழக்கம் எல்லாம் வேண்டும். நான் போன நாட்களில் படம் முடிந்து பேச்சு தொடங்கும்போதே எழுந்துவிடுவேன். கடைசி பஸ்ஸை விட்டால் வீடு வந்து சேர முடியாதே!

நம் பக்கத்துக் கொட்டகைகளுக்கும் ஒன்று தவறாமல் வந்தது. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படமும் ஆவணப்படமும்தான் அது. முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் படம் போட வேண்டும், உரிம விதி. நம் ஆட்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி பிடிப்பார்கள். அவற்றில் நல்ல படங்களும் உண்டு. சுதந்திரம் பெற்ற ஆண்டில் பிறந்த இளைஞர்களைப் பேசவிட்டு எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967இல் எடுத்த ‘ஐ ஆம் 20’ அப்படி ஒன்று.

நகரத்தில் சிலர் தாங்களே தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள், பார்த்ததைப் பேசினார்கள். நம் பக்கம் எல்லோருக்கும் காட்டினார்கள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் பேசவுமில்லை. தூரம் என்று நான் சொல்வது கிலோமீட்டரை மட்டுமல்ல.

2003 முதல் சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. ஃபிலிம்ஸ் டிவிஷனை 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். படத்துக்கு இன்று பஞ்சமில்லை. சேர்ந்து பார்த்துப் பேசுவதற்குத்தான் பஞ்சம். பெருநகரத்தில்தான் அது முடியும் என்றும் இல்லை. மதுரையில் அமுதன் ஆர்.பி.யின் ‘மறுபக்கம்’ 1998இல் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கியது.

உங்களில் பலர் இன்று பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருக்கிறீர்கள். மாதம் ஒரு ஆவணப்படம், எடுத்தவரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஹாலில் போட்டுப் பாருங்கள். முடிந்ததும் அரைமணி நேரம் பேசுங்கள். நம் ஊரிலேயே நடந்தால் யாரும் கடைசி பஸ்ஸுக்காக எழுந்து ஓட வேண்டியதில்லை.