ஈட்டி எறிந்த கைகளும் 2009 வசந்தமும்

இந்தப் பதிவு பேஸ்பால் பற்றியது. "செஞ்சியில உட்கார்ந்துகிட்டு பேஸ்பாலா?" என்று கேட்பவர்கள் ஒரு ஐந்து நிமிடம் பொறுக்கவும். இது நம் நாட்டுப் பையன்கள் இரண்டு பேரின் கதை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவின் வடக்கு ஊர்களில் குளிர்காலத்தில் மைதானமெல்லாம் பனி மூடிக் கிடக்கும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் குளிர்காலத்தில் வேறு வேலை பார்ப்பார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள், குடிப்பார்கள். சீசன் தொடங்கும்போது தொப்பையோடு வந்து நிற்பார்கள். 1886ல் சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணி, தெற்கே ஆர்கன்சாவில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குத் தன் ஆட்களைக் கூட்டிப் போனது. வெந்நீர் ஊற்றில் குளிக்க வைத்து, மலையேற வைத்து, வியர்வையில் கொழுப்பைக் கரைப்பதுதான் திட்டம். வசந்தகாலப் பயிற்சி முகாம் என்ற வழக்கத்துக்கு இதைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் பிப்ரவரி நடுவில் முகாம் தொடங்குகிறது. முதலில் வந்து சேருவது பந்து வீசும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும்தான். மற்றவர்கள் சில நாள் கழித்து வருவார்கள். காரணம் எளிது. கால் சீக்கிரம் தயாராகிவிடும், தோளும் முழங்கையும் ஆகாது. கிட்டத்தில் மெதுவாக எறிந்து, தூரத்தைக் கூட்டி, நடுவில் ஓய்வு விட்டு, அதன் பிறகுதான் முழு வேகம்.

இனி நம்ம பையன்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். இரண்டு பேரும் உத்தரப் பிரதேசம். லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்றவர்கள். பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட் 2008ல் இந்தியாவில் "மில்லியன் டாலர் ஆர்ம்" என்று ஒரு போட்டி நடத்தினார். யார் வேகமாகவும் குறி தவறாமலும் பந்தை எறிவது என்பதுதான் போட்டி. 30,000 பேருக்கு மேல் வந்து எறிந்து பார்த்தார்கள். வணிகவியல் படிப்பவனாக எனக்கு இதில் நன்றாகத் தெரிவது மார்க்கெட் கணக்கு. யாவ் மிங் 2002ல் அமெரிக்கக் கூடைப்பந்துக்குப் போனதும் சீனாவே டி.வி. முன் உட்கார்ந்தது. அதே மாதிரி இந்தியாவைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். (இதைத் தப்பு என்று சொல்லவில்லை. வியாபாரி முதலீடு போடாமல் இந்தப் பையன்களை யார் தேடியிருப்பார்கள்?)

ரிங்கு இடது கையால் மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து 1,00,000 டாலர் பரிசு வாங்கினார். மில்லியன் டாலரை யாரும் வாங்கவில்லை.

கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் ஏன் ஈட்டிக்காரர்கள் ஜெயித்தார்கள்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது, நீட்டினால் "த்ரோ". பேஸ்பாலில் அதேதான் முழு வித்தை! முழங்கையை மடக்கி, இடுப்பைத் திருப்பி, தோளைப் பின்னால் இழுத்துச் சாட்டை மாதிரி விடுவது. ஈட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் ஈட்டிக்கு நீண்ட ஓட்டம் உண்டு. பிட்சருக்கு ஓடவே இடமில்லை. மேட்டில் நின்றபடி 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் போட வேண்டும்.

2008 மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்பவர் பயிற்சி கொடுத்தார். 1974ல் ஹாங்க் ஆரோன் அடித்த 715வது ஹோம் ரன் பந்து போய் விழுந்தது இவர் கையுறையில்தான். நோலன் ரயன் போன்ற பெரிய ஆட்களோடு வேலை செய்த மனிதர். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: அமெரிக்கப் பையன் எட்டு வயதில் கற்கத் தொடங்குவதை இவர்கள் ஆறே மாதத்தில் கற்க வேண்டும். கையுறையில் பந்து பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கூடவே ஆங்கிலம் வேறு.

நவம்பர் 2008ல் அரிசோனாவில் அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் எறிந்து காட்டினார்கள். அதே மாதம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது. ரிங்குவுக்கு 20 வயது, தினேஷுக்கு 19. (நம்ம தேசிங்கு ராஜா 1714ல் போரில் இறந்தபோது 22 என்பார்கள்!) 2009 வசந்தத்தில் புளோரிடாவின் பிராடென்டனில் உள்ள பைரேட்ஸ் முகாமுக்குப் போனார்கள். அங்கேயே அணியின் அடிமட்டக் கிளை அணியில் ஜூலையில் களமிறங்கினார்கள். அந்த மாதமே ரிங்கு ஒரு ஆட்டத்தை வென்று கொடுத்தார்.

2014ல் டிஸ்னி எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் கதை இங்கே முடிந்ததாக நினைப்பார்கள். (இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.) படம் எனக்குப் பிடித்தது, ஆனால் பாதிக் கதைதான். தினேஷ் 2010 முடிவில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு 2012 வரை படிப்படியாக ஏறினார். பிறகு காயங்கள் வந்து ஏற்றம் நின்றுபோனது. பெரிய லீக்கில் இருவரும் ஆடவே இல்லை. ரிங்கு 2018ல் மல்யுத்தத்துக்குப் போய், வீர் மகான் என்ற பெயரில் டி.வி.யில் வந்தார்.

காயம் அமெரிக்கப் பையன்களையும் விடுவதில்லை. 1974ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை செய்தார். இன்று அதே சிகிச்சை பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. அதனால் 2007ல் சிறுவர் லீக் ஒவ்வொரு பையனும் எத்தனை பந்து வீசலாம் என்று கணக்கு வைத்தது. 2014ல் வந்த வழிகாட்டியில் 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து, 17, 18 வயதுக்கே 105தான். வருடத்தில் நான்கு மாதம் போட்டியில் பந்து வீசக் கூடாது என்றும் சொல்கிறது.

பொங்கலுக்குப் பிறகு நம்ம ஊரில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் களைகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்ததும் நேராக முதல் ஓவர், முழு வேகம், ஒரே நாளில் மூன்று மேட்ச். வார்ம் அப் செய்பவனைக் கிண்டல் செய்வோம். என் வகுப்பு வேகப்பந்து வீச்சாளர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை பந்து போடுகிறீர்கள் என்று எண்ணி பின்னூட்டத்தில் எழுதுங்கள்.