மலையகத் தோட்டப் பாடசாலையும் கணினிக் கல்வியும்

ஒரு கருவி கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு வேறு. அஃது ஒரு சமுதாயத்தின் கைக்கு எட்டிய வரலாறு வேறு. கணினி உலகிற் பரவிய கதையைப் பலரும் எழுதியுள்ளனர். நுவரெலியா, ஹற்றன் மலைச்சாரல்களிலுள்ள தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடம் அஃது ஏன் இத்துணைக் காலந்தாழ்த்தி வந்தது என்பதை அறிய விழைவோர், இயந்திரத்தின் கதையை விடுத்து அவர்தம் பாடசாலையின் கதையையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் யேம்சு தெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை, கோப்பி நோயுற்று அழிந்தபின் மலைநாடு முழுவதையும் தழுவியது. லயக் காம்பராக்களில் வாழ்ந்தோரின் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமென எண்ணிய தோட்டத்துரைமார் மிகச் சிலரே. சிறுவரின் கைகளும் தோட்ட வேலைக்குப் பயன்பட்டமையே அதற்குக் காரணம் எனலாம். 1907 ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் வலுவுடைய 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை நிருவாகத்தின்மேற் சுமத்தின. ஆயினும் அப்பொறுப்புப் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் என்னும் எல்லையுள் நின்றுவிட்டது.

1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நாட்டிற் கால்கொண்டபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனை எய்தவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1960-61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1977 முதலாகப் படிப்படியே, அப்பாடசாலைகள் கல்வி அமைச்சின்கீழ் வந்தன.

ஈண்டு காலத்தை ஒப்புநோக்குதல் தகும். 1980களிற் கணினி இலங்கையின் தெரிந்தெடுத்த சில பாடசாலைகளிற் புகுந்தது. அதே ஆண்டுகளிலேயே தோட்டப் பாடசாலை தனக்கென இரண்டாவது வகுப்பறையையும் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் பெறத் தொடங்கியது. சுவீடன் நாட்டின் உதவி கட்டடங்களையும் பயிற்சியையும் அளித்தது. யேர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. நகரம் கணினியை எண்ணியபோது தோட்டம் கரும்பலகையை எண்ணிக்கொண்டிருந்தது.

2000 ஆம் ஆண்டின்பின் தகவல் தொழினுட்பம் ஒரு பாடமாயிற்று. இடைநிலைப் பாடசாலைகளிற் கணினிக் கூடங்கள் அமைந்தன. 2005 முதல் 'நெனசல' என்னும் அறிவகங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. ஆயின், தோட்டப் பாடசாலைகளுட் பல ஆரம்பப் பாடசாலைகளே. கணினிக் கூடமோ மேல்வகுப்புகளையுடைய பெரிய பாடசாலைக்கே உரியது. எனவே, மலையிறங்கி நகரக் கல்லூரிக்குச் செல்ல வல்ல பிள்ளையே அதனைத் தொட முடிந்தது. இடையிற் கல்வியை நிறுத்திய பிள்ளைக்கு அக்கதவு திறக்கவேயில்லை.

மொழியும் ஒரு தடையாயிற்று. தொடக்ககாலக் கணினிகள் ஆங்கிலமே அறிந்தவை. 1991 இல் யூனிக்கோடு எழுத்துமுறையிற் தமிழ் இடம்பெற்றது. அதன் பயன் வகுப்பறையை அடையப் பல்லாண்டுகள் சென்றன. கணிதமும் விஞ்ஞானமும் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியர் அருகியிருந்த மலையகத்தில், கணினி கற்பிப்போர் அதனினும் அருகியே இருந்தனர். கூடம் இருந்தும் கற்பிப்பார் இல்லையாயின், இயந்திரம் துணிபோர்த்த காட்சிப்பொருளாகவே முடியும்.

இக்குறைகள் அனைத்தையும் 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய் ஒருங்கே வெளிப்படுத்தியது. மார்ச்சு மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்தின் வழியும் தொலைக்காட்சியின் வழியும் நடந்தன. அலைவரிசை கிட்டாத பள்ளத்து லயங்களின் பிள்ளைகள் கைத்தொலைபேசியுடன் தேயிலை மேடுகளில் ஏறி நின்றனர். ஒரே தொலைபேசியை உடன்பிறந்தோர் பலர் பகிர்ந்தனர். அக்காலத்திற் பெற்றோரின் அடிப்படை நாட்கூலி 700 ரூபா. பாடங்களைப் பெறத்தக்க தொலைபேசி ஒன்றின் விலையோ பல வாரத்து உழைப்பு. கொழுந்து மலைக்குச் சென்ற தாய் திரும்பும்வரை அத்தொலைபேசியும் வீட்டில் இருப்பதில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. 1920 ஆம் ஆண்டுச் சட்டம், குறையுடைத்தாயினும், பிள்ளையின் கல்வி யாருடைய கடமை என்னும் வினாவிற்கு விடை கூறியது. தோட்டத்தின் கடமை என்றது. 1977 இன்பின் அரசு அக்கடமையை ஏற்றது. 2020 இலோ கருவியும் இணைப்பும் பெற்றோர் தேடிக்கொள்ள வேண்டிய பொருள்களாயின. நாட்கூலி பெறுவோரின் தோள்மீதே அச்சுமை இறங்கியது. கரும்பலகையையும் சுண்ணக்கட்டியையும் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமென எக்காலத்தும் எவரும் விதித்ததில்லை. கணினியும் அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுதல் வேண்டும். ஆசிரியர், தாய்மொழி, மின்சாரம், இணைப்பு ஆகிய நான்கும் ஆரம்பப் பாடசாலையிலேயே ஒருங்கு கூடும் நாளில்தான் கணினிக் கல்வி மலையகத்தை அடைந்தது என்று வரலாறு எழுத இயலும்.