பின்வரிசையிலிருந்து வந்த கடம்: 'சக்தி' இசைக்குழுவும் அரைநூற்றாண்டும்

சேத்தியாத்தோப்பில் பள்ளிப் பருவத்தைக் கழித்த எங்களுக்கு விடுமுறை என்றால் நெய்வேலி. நகரியத்தில் மாமா வீடு. சுரங்கத்தில் வேலை பார்த்த அவர் இளமையில் சில ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவர். 1980களின் பிற்பகுதியில் ஓர் இரவு, உடன் பணியாற்றிய யாரிடமோ இரவல் வாங்கிவந்த ஒலிநாடா ஒன்றை ஓடவிட்டார். வயலினும் கிதாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. வெள்ளைக்காரர் குழு என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நெடுநேரம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கடம் யார்னு தெரியலடா. ஆனா பின்னால உக்காந்து வாசிக்கிற ஆள் மாதிரி இல்ல."

அந்த ஒற்றை வாக்கியம் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

அது 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு. 1975 ஜூலை 5ஆம் நாள் அமெரிக்காவின் சவுதாம்ப்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு. கிதார் வாசித்த ஜான் மக்லாஃப்லின் அதற்கு முன்பே ராக் உலகில் பெரும்பெயர். 1971இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா மின்கிதாரின் வேகத்துக்கும் செவியை அதிரவைக்கும் முழக்கத்துக்கும் பேர்போனது. அந்தப் புகழின் நடுவில் இருந்தவர் மின்கிதாரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அவருடைய ராக் ரசிகர்களுக்கு அது பெரும் அதிர்ச்சி.

அவரை அங்கே உட்காரவைத்த காரணங்களில் ஒன்று நம் பக்கத்து ஊர்க்காரர் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். 1970களின் தொடக்கத்தில் மக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றார். கற்பித்தவர் டாக்டர் எஸ். ராமநாதன், பழைய தென்னார்க்காடு மாவட்டத்து வளவனூரில் பிறந்தவர். இசை பயின்றது சேத்தியாத்தோப்பிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அவர் வெஸ்லியனில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் சிலப்பதிகாரத்து இசை.

இதைக்கொண்டு சிலம்பின் வயிற்றிலேயே 'சக்தி' பிறந்தது என்று நான் முழங்கப் போவதில்லை. அத்தகைய பெருமிதங்கள் நமக்கு எளிதில் வருபவை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். அரங்கேற்று காதையில் இளங்கோ ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் இலக்கணம் சொல்கிறார். கவிஞனுக்கும் குழலோனுக்கும் யாழாசிரியனுக்கும் சொல்கிறார். அதே வரிசையில், அதே மதிப்புடன், தண்ணுமை முழக்குபவனுக்கும் தனியே இலக்கணம் சொல்கிறார்.

நம் கச்சேரி மேடை அந்த வரிசையைப் பிற்காலத்தில் வேறுவிதமாக அடுக்கிக்கொண்டது. நடுவில் பாடகர், இருபுறமும் வயலினும் மிருதங்கமும். கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் உபபக்கவாத்தியம் என்று பெயர். இடம் பெரும்பாலும் பின்வரிசை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக்கொடுக்கும் சில நிமிடங்களே அவற்றின் ராஜ்ஜியம்.

'சக்தி' மேடையில் இந்த அடுக்கு கலைந்தது. கடத்தோடு முன்னால் அமர்ந்தவர் 'விக்கு' விநாயக்ராம். அருகே தபலாவோடு ஜாகிர் ஹுசேன். வயலின் எல். சங்கர். அவருடைய தந்தை லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை வந்து சேர்ந்தவர். முதல் இசைத்தட்டில் இவர்களோடு மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரம் ராகவன். வடக்கின் தாளக்கணக்கும் தெற்கின் தாளக்கணக்கும் இலக்கணம் வேறானவை. ஒரே மேடையில் அவை தினசரி பேசிக்கொண்டது அந்நாளில் இந்தியாவிலேயே அரிதான நிகழ்வு.

மக்லாஃப்லினும் விருந்தாளியாக இருந்துவிடவில்லை. வீணையைப் போல் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் கொண்டுவருவதற்காக, மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் சீவிய கிதாரைச் செய்வித்துக்கொண்டார். ஒலிப்பெட்டியின் மீது குறுக்காக ஏழு துணைத்தந்திகளும் உண்டு. தன் வாத்தியத்தின் உடலையே மாற்ற முன்வந்தவரின் மரியாதை அது.

அந்த முதல் தட்டில் உள்ள 'ஜாய்' பதினெட்டு நிமிடம் நீள்வது. இன்றும் கேட்கையில் மூச்சு வாங்குகிறது. அதே தட்டின் 'லோட்டஸ் ஃபீட்' நேர்மாறானது. அவசரமில்லாத, சிறிய மெட்டு. இரண்டாம் தட்டின் 'லா டான்ஸ் து போனூர்' கொன்னக்கோலில் தொடங்குகிறது. ஆசிரியர் எதிரில் அமர்ந்து மாணவன் சொல்லிப் பழகும் சொற்கட்டுகள். அவையே பாட்டின் முகப்பாக வந்து நிற்கின்றன. கலப்பிசை என்ற பெயரில் பின்னர் வந்த எத்தனையோ முயற்சிகள் தேதி கடந்துபோனதையும் இவை கடக்காததையும் யோசிக்கும்போது, எனக்குக் கிடைக்கும் விடை இதுதான். மற்றவற்றில் ஒருவர் இசை, பிறர் அலங்காரம். இவற்றில் எவரும் அலங்காரமல்ல. கடத்தை நீக்கிப் பாருங்கள், 'ஜாய்' உட்கார்ந்துவிடும்.

மூன்று இசைத்தட்டுகளோடு 1970களின் இறுதியில் குழு கலைந்தது. ஆனால் கதை முடியவில்லை. 1990களின் பிற்பகுதியில் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டபோது மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், பின்னர் ஷங்கர் மகாதேவன் வந்தார். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். மற்றோர் உபபக்கவாத்தியம்! ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். 2023இல் வெளியான 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் ஹுசேனும் போய்விட்டார்.

கிராமிச் செய்தி வந்தபோது நம் பத்திரிகைகள் கொண்டாடின, நியாயமே. ஆனால் கடத்துக்கு முன்வரிசையில் இடம் உண்டு என்பதை நமக்குக் காட்ட ஒரு யார்க்ஷயர்க்காரர் வேண்டியிருந்தது என்பதும், அவருக்கு நம் இசையைக் கற்பித்த வளவனூர்க்காரரின் பெயர் அவர் பிறந்த மாவட்டத்திலேயே அதிகம் பேசப்படுவதில்லை என்பதும் அந்த மகிழ்ச்சியில் சேர்த்து எண்ணவேண்டியவை.

மாமா இன்று இல்லை. கடம் வாசித்தவரின் பெயரைத் தெரிந்துகொண்டு நான் சொல்லப்போனபோது அவருக்குச் செவி மங்கிவிட்டிருந்தது. பெயரை உரக்கச் சொன்னேன். சிரித்தார். பிறகு தொடையில் மெல்லத் தாளம் போட்டுக் காட்டினார்.