பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

இங்கே நியூஜெர்சியில் மகனுக்கு டியூஷன் தேடிக்கொண்டிருக்கிறேன். பையனோ பிசிக்ஸ் புத்தகத்துக்குள் தத்துவப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கிறான்! பேசாமல் இன்ஜினியரிங்கில் தள்ளிவிடலாமா என்று யோசித்தபோது ஜி.என்.ராமச்சந்திரன் ஞாபகம் வந்தார்.

1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் அவர். அங்கே இயற்பியல் பேராசிரியர் நம்ம சர் சி.வி.ராமன். பையனின் ஆர்வத்தைப் பார்த்துத் தன் துறைக்கே மாற்றிக்கொண்டார். 1952-ல் ராமனின் சிபாரிசில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானபோது ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அங்கே அவரும் மாணவர்களை வளர்த்தார். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம், மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னார். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் புரத ஆய்வில் அன்றாடக் கருவி.

பிறகு பெங்களூருக்கே திரும்பியவர், கடைசிக் காலத்தில் எதில் இறங்கினார் தெரியுமா? தத்துவத்தில்! சமணர்களின் ஸ்யாத்வாதத்தைக் கணிதக் குறிகளில் எழுதிப் பார்த்தார்.

பையன் இனி அந்தப் புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டாம். இன்று ராத்திரி நானே சொல்லிவிடப் போகிறேன்.