டைனமோவில் பேசிய றேடியோ

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பற்றரிக்கும் தடை. செய்தி கேட்காமல் எங்கள் சனம் இருக்குமா? சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, பின்சில்லில் உரசிய டைனமோ றேடியோவைப் பேசவைத்தது. இரவில் பிபிசி தமிழோசை நேரத்துக்கு அயலவரும் வந்து கூடிவிடுவார்கள்.

டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற். நாலு பற்றரி போடும் றேடியோவுக்கும் அதேயளவுதான் வேண்டும். சிக்கல் என்னவென்றால் டைனமோவில் வருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். பழுதான பெட்டிகளில் கழற்றிய டயோட்டுகள் அதை மாற்றிக் கொடுத்தன. பேச்சுக்குள் இரைச்சல் கேட்டால் கொள்ளளவியைப் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் குரல் அமுங்கும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் மின்னழுத்தம் ஏறிப் பெட்டியே எரியலாம். போர்ச் செய்தியை நிதானமாகச் சுற்றிக் கேட்பது லேசான காரியமா?

நோர்வேஜியருக்கும் இது புதிதல்ல. 1941இல் ஜேர்மனியர் றேடியோக்களைப் பறித்தபோது, ஒளித்துவைத்த பெட்டிகளிலும் வீட்டில் செய்த பெட்டிகளிலும் இலண்டன் செய்தியைக் கேட்டார்கள். ஆகெர்ஸ்ஹுஸ் கோட்டையிலுள்ள எதிர்ப்பியக்க அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துப் பெட்டிகளை எங்கள் பிள்ளைகள் பார்க்கலாம். அம்மம்மா வீட்டு டைனமோ றேடியோவைக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

அதைப் பொருத்தியவர்கள், பழுது பார்த்தவர்கள் எங்கள் நேயர்களுக்குள் இருப்பீர்கள். எந்தக் கம்பியை எதோடு இணைத்தீர்கள் என்று ஒரு தாளில் கீறிக்கொண்டு நிலையத்துக்கு வாருங்கள். ஒலிவாங்கி முன்னால் இருந்து ஆறுதலாகக் கதைப்போம்.