வடிவமைப்புச் சிந்தனையும் பொதுக்கொள்கையும்: பிச்சாவரம்

வடிவமைப்புச் சிந்தனை என்பது, ஒரு திட்டம் யாருக்காக வகுக்கப்படுகிறதோ அவர்கள் வாழும் இடத்துக்கே போய்ப் பார்த்து, சிக்கலின் வேரைக் கண்டறிந்து, தீர்வைச் சிறிய அளவில் செய்து சோதித்து, பிழை திருத்திய பிறகு விரிவாக்கும் முறை. ‘டிசைன் திங்கிங்’ என்றும் வழங்கும். கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு 1990-களில் மீட்கப்பட்ட விதம் இதற்குத் தமிழ்நாட்டின் சிறந்த எடுத்துக்காட்டு. அப்பணி இப்பெயரில் நடக்கவில்லை. ஆனால் அதன் படிகள் இம்முறையின் படிகளே.

தோற்றம்

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1969-இல் வெளியிட்ட நூல், இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற வழி வகுப்பதெல்லாம் வடிவமைப்பே என்று விளக்கியது. பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இம்முறையை ஐந்து படிகளாகக் கற்பித்தது: பிறர் நிலையை உணர்தல், சிக்கலை வரையறுத்தல், தீர்வுகளை யோசித்தல், முன்மாதிரி செய்தல், சோதித்தல். அரசுத் துறைகளுக்குள் இதைக் கொண்டுசென்றவற்றில் டென்மார்க்கின் மைண்ட்லேப் (2002–2018), பிரிட்டனின் பாலிசி லேப் (2014) ஆகியவை முக்கியமானவை.

சிக்கலை வரையறுத்தல்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழிகளில் பரந்திருக்கும் காடு பிச்சாவரம். பிரித்தானியர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, இக்காடு கூப்பு முறையில் பகுதி பகுதியாக ஒட்ட வெட்டப்பட்டது. வெட்டிய இடங்களில் மரம் மீண்டும் தழைக்கவில்லை. விறகு வெட்டும் மக்களும் மேயும் மாடுகளுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த வரையறையிலிருந்து பிறக்கக்கூடிய கொள்கை ஒன்றுதான்: மக்களைக் காட்டுக்கு வெளியே நிறுத்துவது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு வேறு காரணத்தைக் காட்டியது. மரங்கள் ஒரேயடியாக வெட்டப்பட்டதால் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது. நிலம் தொட்டிபோல் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, கோடையில் ஆவியானது. மிஞ்சிய உப்பு ஆண்டுதோறும் ஏற, கன்று முளைக்க முடியாத களர் உண்டானது. மேய்ச்சல் சேதத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் சிக்கலின் வேர், மரம் வெட்டும் முறையில், அதாவது நிர்வாகத்தின் முறையிலேயே இருந்தது.

முன்மாதிரியும் விரிவாக்கமும்

காரணம் தெரிந்ததும் தீர்வும் மாறியது. இயற்கைக் கழியிலிருந்து ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்கள் என மீன் முள்ளின் வடிவில் நிலம் வெட்டப்பட்டது. ஏற்றத்தில் வரும் நீர் வற்றத்தில் வடிந்தது, உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் கரைச் சரிவுகளில் வெண்கண்டல் நடப்பட்டது. சிறு பரப்பில் இது பலன் தந்த பிறகே, வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்த கூட்டு மேலாண்மையாகப் பணி விரிந்தது.

ஊர்க் குழுக்களில் பெண்களுக்கும் இடம் இருந்தது. படகும் வலையும் இல்லாமல், கழியில் இறங்கிக் கையால் தடவி மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்த இருளர் குடும்பங்கள் காட்டை மீட்கும் வேலையில் பங்காளிகள் ஆயின. அவர்களின் வாழ்வாதாரத் தேவைகளும் திட்டத்துக்குள் வந்தன. காட்டுக்கு ஊறு என எண்ணப்பட்டவர்கள் அதன் காவலர்கள் ஆனது இத்திட்டத்தின் தலையாய பேறு.

சோதனையும் வரம்பும்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை, ஆய்வாளர்கள் கே. கதிரேசன், என். ராஜேந்திரன் ஆகியோர் 2005-இல் 18 குக்கிராமங்களின் தரவுகளைக் கொண்டு எழுதினர். கடலிலிருந்து உள்ள தூரமும் நில உயரமுமே பெருமளவு காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். ஒரு திட்டத்தின் பயனை அளக்கும்போது இத்தகைய மறுப்பையும் கணக்கில் கொள்வதே நேர்மை.

வண்டல் படிந்து வாய்க்கால்கள் தூர்ந்துபோவதால் அவற்றை மீண்டும் மீண்டும் தூர்வார வேண்டும். ஆறுகளில் நன்னீர் வரத்துக் குறைந்திருப்பது ஊர்க் குழு தீர்க்கக்கூடிய சிக்கலும் அன்று. அதற்கு ஆற்றுப்படுகை முழுவதையும் கருதும் கொள்கை வேண்டும்.

மதிப்பீடு

2022-இல் பிச்சாவரம் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2023-24 ஒன்றிய நிதிநிலை அறிக்கை அலையாத்திக் காடு வளர்ப்புக்காக ‘மிஷ்டி’ திட்டத்தை அறிவித்தது. இத்தகைய திட்டங்களில் நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. முன்பு அங்கே கன்றுகள் ஏன் பிழைக்கவில்லை என்று கேட்பதே கடினம். கடற்கரைக்குக் கொள்கை வகுக்கும் எவரும், கோப்பைத் திறக்கும் முன் ஒரு முறை பிச்சாவரக் கழியில் படகேறி அந்த மீன்முள் வாய்க்கால்களைப் பார்த்து வர வேண்டும்.